நாலாம் மாடிக் குரல்

எங்கள் கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள பெரிய கட்டிடங்களில் எல்லாம் லிஃப்ட்டை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நாலு மாடி நடந்தே ஏறி வருவார். யாராவது இதைச் சொல்லிச் சிரித்தால், "டாக்டருக்குக் காய்ச்சல் வராதா?" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அந்தக் குடும்பத்துக்கே பேச்சு கொஞ்சம் கம்மி. அவர்களுக்கும் சேர்த்துப் பேசத்தான் நான் வந்து வாய்த்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கீழ்த்தளத்தில் எனக்குத் திரைச்சீலை தைக்கிற கடை. வீடு நாலாம் மாடி. அங்கே நாங்கள் இரண்டு பேரும் என் நாத்தனாரும் இருக்கிறோம். நாத்தனார் என்றால் தலைவலி என்பார்கள். எனக்கு வாய்த்தவள் தங்கம். முப்பதைத் தாண்டியவளை இன்னமும் கட்டிடமே 'பாப்பா' என்றுதான் கூப்பிடுகிறது, நானும்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைத் தேய்த்து, விளிம்பை இழைத்து, சட்டத்தில் பொருத்துகிறவள் அவள். அந்தக் கடையில் முன்பக்கம் இருப்பவர்கள் வாடிக்கையாளரிடம் பேசுவார்கள். பாப்பா இருப்பது பின்னறையில்.

அவளுக்குப் பேச்சு திக்கும். சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டு வாசலில் நின்றுகொள்ளும். அது வெளியே வருகிறவரை காத்திருக்க எனக்குப் பொறுமை கிடையாது, அதனால் நானே சொல்லிவிடுவேன். போன் வந்தால் நான் பேசுவேன். டாக்டரிடம் போனால் அவளுக்கு எங்கே வலிக்கிறது என்று நான் சொல்வேன். "அண்ணி, அந்த க... க..." என்று ஆரம்பித்தால் கத்தரிக்கோலை எடுத்து நீட்டிவிடுவேன். சில சமயம் அவள் கேட்க வந்தது கண்ணாடியாக இருக்கும். அப்போதும் தலையை ஆட்டிவிட்டுக் கத்தரிக்கோலை வாங்கிக்கொள்வாள். எங்களுக்குள் இப்படி ஒரு ஒத்துப்போதல் என்று எனக்குப் பெருமை வேறு.

எங்கள் ஊரில் வருஷா வருஷம் கலைவிழா நடக்கும். அந்த வாரம் ஊரே வேறு ஊராகிவிடும். பஸ் நிலையத்தில் டிக்கெட் வரிசைக்குப் பக்கத்தில் யாராவது ஆடிக்கொண்டிருப்பார்கள். கடைகளின் இரும்புக் கதவுகளில் படம் வரைவார்கள், அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே சிலர் கடை மூடின பிறகு வருவார்கள். பூங்காவின் பெரிய மேடையில் மட்டும் எப்போதும் வெளியூர்க் கலைஞர்கள்தான். நாங்கள் புல்லில் உட்கார்ந்து கைதட்டுகிற ஜாதி. இந்த வருஷம் கமிட்டிக்கு என்ன தோன்றியதோ, அந்த மேடையையும் ஊர்க்காரர்களுக்கே கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். தீயணைப்பு நிலையத்து ஆட்கள் பேண்டு வாசிப்பார்கள், ஆஸ்பத்திரி நர்ஸுகள் சேர்ந்து பாடுவார்கள், எங்கள் தெருவுக்கு ஒரு நாடகம் என்று பிரித்துக் கொடுத்தார்கள்.

நாடகத்துக்கு இயக்குநர் மூன்றாம் மாடி பஸ் டிரைவர். அவருக்குக் கட்டிடத்தில் 'ஹாரன்' என்று பெயர். அந்தக் குரலைக் கேட்டவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. ஒத்திகை பார்க்க இடம் தேடினோம். மொட்டைமாடிச் சாவியை வீட்டுச் சொந்தக்காரர் கொடுக்க மாட்டார். எங்கள் வீடுகளிலோ நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் ஜன்னலில் உட்கார வேண்டும்.

"எதுக்குய்யா இடம்? படி இருக்குல்ல!" என்றார் ஹாரன்.

எங்கள் படிக்கட்டு நடுவில் ஒரு வெற்றிடத்தை விட்டுச் சுற்றிச் சுற்றி ஏறும். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால் கீழ்த்தளம் வரைக்கும் தெரியும். அவரவர் வீட்டு வாசலில் அவரவர் நின்றுகொள்வது, நான் மட்டும் கீழே என் கடை வாசலில், மேலும் கீழுமாகக் கத்திப் பேசுவது, அதுதான் ஒத்திகை. அடுப்பையும் பார்த்துக்கொள்ளலாம், நடிப்பையும் பார்த்துக்கொள்ளலாம். கதையும் அதற்கு ஏற்ற மாதிரியே அமைந்தது. ஒருநாள் கட்டிடத்தில் தண்ணீர் நின்றுவிடுகிறது. ஒவ்வொரு மாடியும் அடுத்த மாடியைத் திட்டுகிறது. எழுதி வைத்த வசனம் எதுவும் இல்லை. தண்ணீர் நின்ற நாளில் நாங்கள் எப்படிச் சண்டை போடுவோமோ அப்படியே போட்டோம். அந்தக் கலையில் எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலிக் குழாய்ச் சத்தத்துக்கு என் வீட்டுக்காரர் கம்பியில் ஸ்பேனரால் தட்டுவார். பேசாமல் நடிக்க அவருக்கும் ஒரு வேஷம் கிடைத்தது.

ஒருநாள் ஹாரன் அண்ணாந்து, "நாலாம் மாடி! உங்க தொட்டியிலயாவது தண்ணி இருக்கா?" என்று கத்தினார். இந்த இடத்தில் மட்டும் என் வீட்டுக்காரர் "இல்ல" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் ஸ்பேனரை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. பதில் வரவில்லை. பிறகு மேலேயிருந்து ஒரு பெண் குரல் இறங்கி வந்தது.

"கீழ கத்துறவங்க எல்லாரும் கொஞ்சம் மூச்சு விடுங்க! தண்ணி நின்னதுக்குக் குழாய்தான் காரணம், பக்கத்து வீட்டுக்காரர் இல்ல!"

ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. எனக்குக் கையிலிருந்த துணி நழுவிவிட்டது. யாரென்று யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். யாரும் மேலே போய்ப் பாராட்டவும் இல்லை. கண் பட்டுவிடுமோ என்கிற பயம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தது.

அதற்குப் பிறகு நாடகமே நாலாம் மாடிக்காரியைச் சுற்றித்தான் நடந்தது. இருட்டின பிறகு யாருடைய முகமும் தெரியாத அந்தப் படிக்கட்டில் பாப்பா எங்கள் எல்லோரையும் ஒரு கை பார்த்தாள். இரண்டாம் மாடிப் பல் டாக்டரைப் பார்த்து, "டாக்டர், ஊரு வாயையெல்லாம் திறக்கச் சொல்றீங்க, எதிர்வீட்டுக்காரரைப் பாத்தா நீங்க வாயைத் திறக்க மாட்டேங்கறீங்களே!" என்பாள். ஹாரனிடம், "ஹாரன் அடிச்சா சிக்னல் பச்சையாயிடாது" என்பாள். என்னையும் விடவில்லை. "கீழ்வீட்டம்மா, ஊர் ஜன்னலுக்கெல்லாம் திரை தைக்கிறீங்க, உங்க வாய்க்கும் ஒண்ணு தைச்சுக்கக் கூடாதா?" என்றாள். நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். இவளுக்குள் இவ்வளவு குறும்பு இருந்ததா என்று இருந்தது.

கடைசியில் அவள்தான் முடித்து வைப்பாள். "எங்க வீட்டுத் தொட்டியில தண்ணி இருக்கு. வாளியை எடுத்துக்கிட்டு வாங்க." அத்துடன் நாடகம் முடிந்துவிடும். ஒத்திகையில் யாரும் வாளியோடு மேலே போனதில்லை. வேலை விட்டு வந்த காலோடு யார் நாலு மாடி ஏறுவது? அவரவர் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவோம்.

நாடகத்துக்கு முந்தின நாள் பூங்காவுக்கு வரச் சொன்னார்கள். நாங்கள் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் டேப் ஒட்டினார்கள். மாடி மாதிரி உயரமாக ஏதாவது போட முடியுமா என்று ஹாரன் கேட்டார். விழுந்துவிட்டால் யார் பொறுப்பு, அதெல்லாம் கூடாது என்று கமிட்டிப் பெண் சொல்லிவிட்டாள். ஆகவே கீழ்த்தளம், இரண்டாம் மாடி, நாலாம் மாடி எல்லாமே ஒரே பலகைத் தரைதான். ஆளுக்கொரு மைக்கைச் சட்டையில் குத்தி, ஒன்று, இரண்டு, மூன்று சொல்லிப் பார்க்கச் சொன்னார்கள்.

பாப்பாவின் முறை வந்தது. "ஒ... ஒ... ஒ..."

மைக்செட்காரர் நிமிர்ந்து பார்த்தார். "கனெக்ஷன் விட்டு விட்டு வருது" என்று சொல்லிவிட்டு மைக்கைக் கழற்றி வேறொன்றைக் குத்தினார். "இப்ப சொல்லுங்கம்மா."

"ஒ... ஒ..."

அதையும் கழற்றினார். பேட்டரியை மாற்றினார். பாவம், அவர் நல்ல மனுஷன், வேலையில் அக்கறையுள்ளவர். நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மூன்றாவது மைக்கைக் குத்த வந்தபோது நான் குறுக்கே பாய்ந்து, "மைக் நல்லாத்தான் இருக்குங்க, விடுங்க" என்றேன். அவருக்குப் புரிந்த நொடியில் அவர் முகம் சிவந்ததைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. பாப்பா மட்டும் அவரைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

அன்று வீடு திரும்பியதும் நான் கடையைத் திறந்து உட்கார்ந்தேன். எனக்கு மனசு சரியில்லை என்றால் தைக்க வேண்டும். நல்ல கனமான நீலத் துணி ஒன்று இருந்தது, அதில் ஒரு திரை தைத்தேன். மேடையின் பின்மூலையில் அதைக் கட்டிவிட்டால் பாப்பா அதற்குப் பின்னால் நின்று பேசலாம். படிக்கட்டில் யாரும் பார்க்காததால்தானே பேச்சு வருகிறது? அங்கேயும் யாரும் பார்க்காதபடி செய்துவிட்டால் போயிற்று. கொக்குக்கு ஒன்றே மதி. எனக்குத் தெரிந்த ஒரே மருந்து திரைதான்.

பாப்பா இறங்கி வந்து துணியைத் தொட்டுப் பார்த்தாள். எதற்கு என்று நான் சொன்னேன். அவள் மடித்து என் மடியிலேயே திருப்பி வைத்தாள்.

"இத வேற ஜ... ஜன்னலுக்கு வச்சுக்கோங்க."

"ஏண்டி, உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்?"

"தெரியும் அண்ணி. க... கடையிலயும் பி..."

"பின்னறை. அதத்தானே சொல்ல வர்ற? இது பின்னறை இல்ல பாப்பா, மேடைதான். ஒரு துணி நடுவுல இருக்கும், அவ்ளோதான். படியில எவ்ளோ அழகா பேசற! அத ஏன் நாளைக்கு ஊர் முன்னாடி கெடுத்துக்கணும்?"

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தாள். "அழகா பேசறதுக்காக நா... நான் வரல."

"பின்ன எதுக்கு வர்ற?"

"பே..." என்று ஆரம்பித்து நின்றாள். எனக்கு வார்த்தை தெரிந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள். இதற்கு முன் அவள் அப்படிச் செய்ததில்லை. "பே... பேசறதுக்கு."

அவள் அண்ணனையே கூப்பிட்டேன். அவர் வாசலில் நின்று இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "அவ சொல்றதுதான்" என்று சொல்லி மேலே ஏறிப் போய்விட்டார். அந்த மனுஷன் ஒரு வருஷத்தில் சொல்கிற கருத்து அவ்வளவுதான், அதையும் எனக்கு எதிராகச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் இருந்தது பயம். நாளைக்கு ஊரே உட்கார்ந்து இவளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டால், இவள் அந்தப் பின்னறையை விட்டு ஜென்மத்துக்கும் வெளியே வரமாட்டாள். படிக்கட்டில் கிடைத்த குரலும் போய்விடும்.

மறுநாள் பூங்காவில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். தீயணைப்புக்காரர்கள் வாசித்து முடித்து வியர்வையோடு இறங்கினார்கள். பேண்டில் பெரிய மேளம் அடித்தவர், "ஜமாய்ங்க" என்று ஹாரனின் முதுகில் தட்டிவிட்டுப் போனார். காலி வாளிகளோடு மேடைக்குப் போனோம். பாப்பாவின் இடம் பின்மூலையில். திரை இல்லை.

என் வீட்டுக்காரர் மேடையோரக் கம்பியில் ஸ்பேனரால் தட்டினார். ஹாரன் ஆரம்பித்தார். "யாருய்யா மேல தண்ணியத் திறந்து விட்டது?" என்று கத்திக்கொண்டே அண்ணாந்து பார்த்தார். அங்கே மேலே என்ன இருக்கிறது? ஆகாயம் இருக்கிறது. பல் டாக்டர் இரண்டாம் மாடிக்காரர் அல்லவா, அவர் கீழ்வீட்டுக்குப் பதில் சொல்லக் குனிந்து தன் ஷூவையே திட்டினார். நான் கீழ்த்தளத்துக்காரி, கழுத்தை ஒடித்துக்கொண்டு மேலே பார்த்து அவருக்குப் பதில் கொடுத்தேன். அவரோ எனக்குப் பக்கத்தில், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நிற்கிறார்! ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். இத்தனை நாள் படிக்கட்டில் பழகின கழுத்து, சமதரையில் நிற்கிறோம் என்பதை ஏற்கவே இல்லை.

முதலில் கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு உறைத்தபோது நாடகம் பாதி ஓடிவிட்டது, இனிமேல் தலையைத் திருப்பினால் வசனம் மறந்துவிடும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், எங்கள் கதையில் கூடம் நேராக இருந்ததுதான் கோளாறு. ஆனால் கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு மாறியது. யார் எந்த மாடி என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. எங்கள் தலை போகிற திக்கை வைத்தே அந்த வெறும் பலகையில் ஐந்து தளக் கட்டிடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். "அட, நம்ம பில்டிங் மாதிரியே இருக்குடா" என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது.

"நாலாம் மாடி! உங்க தொட்டியிலயாவது தண்ணி இருக்கா?" என்றார் ஹாரன், ஆகாயத்தைப் பார்த்து.

நாங்கள் எல்லோரும் அண்ணாந்தோம். எங்களைப் பார்த்துக் கூட்டமும் அண்ணாந்தது.

பாப்பாவின் குரல் வந்தது. தடங்கல் இல்லாமல் வந்தது. கத்துகிறவர்களை மூச்சு விடச் சொன்னது, பல் டாக்டரைக் கேலி செய்தது, ஹாரனை மட்டம் தட்டியது. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே மரக்கிளையிலும் விளக்குக் கம்பத்திலும் அந்தக் குரலைத் தேடினார்கள். பின்மூலையில் நிற்கிற பெண்ணை யாரும் பார்க்கவில்லை. திரை போடாமலே ஊர் முழுக்கத் திரை விழுந்துவிட்டது. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இன்னும் ஒரே ஒரு வசனம், அதையும் இப்படியே சொல்லி முடித்துவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம்.

அப்போது பாப்பா பேசுவதை நிறுத்தினாள்.

மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். மேடைப் பலகையில் காலடிச் சத்தம் கேட்டது. டேப் ஒட்டின இடத்தை விட்டு, எங்களையெல்லாம் தாண்டி, விளக்கு வெளிச்சம் முகத்தில் அடிக்கிற முன்விளிம்புக்கு அவள் வந்து நின்றாள்.

"மே... மேல யாரும் இல்லைங்க. நா... நான் இங்க இருக்கேன்."

கூட்டம் தலையை இறக்கியது. நாங்களும் இறக்கினோம். நாடகத்தில் முதல்முறையாக எல்லோரும் ஒரே இடத்தைப் பார்த்தோம். யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டார்.

"எங்க வீ... வீட்டுத் தொட்டியில..." என்றாள். அடுத்த சொல் வரவில்லை. "த... த..."

அவள் கழுத்து நரம்பு இறுகுவது எனக்குத் தெரிந்தது. கண்ணை மூடினாள், திறந்தாள். மேடைக்குப் பக்கத்தில் கமிட்டிப் பெண் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள். சிக்னலில் முன்வண்டி அரை நொடி தாமதித்தால் ஊரையே எழுப்புகிற ஹாரன், கைகட்டி நின்றார். "த... த..." எத்தனையோ வருஷமாகப் பழகின வாய், என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"தண்ணி" என்றேன்.

என் சட்டையில் மைக் இருப்பதை நான் மறந்துவிட்டேன். அந்த ஒரு சொல் பூங்கா முழுக்கக் கேட்டது.

பாப்பா திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமில்லை. பின்மூலையிலிருந்து முன்விளிம்புக்கு வந்துவிட்டவளுக்கு இன்னொரு அடி வைப்பது பெரிய காரியமாகத் தோன்றவில்லை போலும்.

"இருங்க அண்ணி. நா... நானே சொல்றேன்."

ஊர் முன்னால் எனக்கு அப்படியொரு வெட்கம் வந்தது, பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். வெட்கத்தோடு சேர்ந்து ஒரு சந்தோஷமும் வந்தது. நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பு என்னைப் பார்த்து. பாப்பாவும் சிரித்தாள். பிறகு முன்பக்கம் திரும்பி, அவசரப்படாமல், முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"எங்க வீ... வீட்டுத் தொட்டியில... த... த..."

இந்த முறை யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கமிட்டிப் பெண் கையை இறக்கிவிட்டாள். அத்தனை பேருக்கும் அந்தச் சொல் தெரியும், நானே சொல்லித் தொலைத்திருந்தேனே. தெரிந்தும், அவள் சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள்.

"...தண்ணி இருக்கு. வா... வாளிய எடுத்துக்கிட்டு வாங்க."

சொல்லி முடித்துவிட்டு நின்றாள். இதற்கு அப்புறம் என்ன செய்வது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. படிக்கட்டில் இந்த இடத்தில் கதவைச் சாத்திவிடுவோம், இங்கே சாத்தக் கதவில்லை. கைதட்டல் எழும்ப ஆரம்பித்தது. ஹாரன்தான் முதலில் காலடியில் இருந்த தன் வாளியை எடுத்தார். மூன்று அடி நடந்து அவள் பக்கத்தில் போய் வைத்தார். பல் டாக்டர் போனார். என் வீட்டுக்காரர் ஸ்பேனரோடு போனார். கடைசியாக நான் போனேன்.

கைதட்டல் சத்தத்தில் பாப்பா மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என் காதோரம் குனிந்தாள்.

"ரொம்ப நே... நேரமாக்கிட்டேனா அண்ணி?"

"ஆக்கினா என்ன?" என்றேன். "இருந்து கேட்டாங்கல்ல."